யோசேப்பு சொந்த அப்பா இல்லை என்றால் அவருடைய வம்சப் பட்டியல் எதற்கு?

வேப்பமர நிழல்
சண்டே ஸ்கூல்ல ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்தான் வாத்தியார். போன வாரம் மத்தேயு முதல் அதிகாரம். ஆளுக்கு ஒரு வசனமா வாசிக்கச் சொன்னேன். "பெற்றான், பெற்றான், பெற்றான்"னு போய்க்கிட்டே இருக்கு, பாதிப் பிள்ளைங்க கொட்டாவி. கடைசி பெஞ்சுல ஒரு பயல் கையத் தூக்கினான்.

"சார், யோசேப்பு இயேசுவோட சொந்த அப்பா இல்லன்னா, யோசேப்போட தாத்தா பேரெல்லாம் எதுக்கு சார்? மரியாளோட தாத்தா பேரைத்தான எழுதியிருக்கணும்?"

"சட்டப்படி அப்பா, அதனால"ன்னு சொல்லிச் சமாளிச்சேன். அவன் முகத்தப் பாத்தா நம்பின மாதிரி தெரியல. உண்மையச் சொன்னா நானும் நம்பல. வெளியில தேடினா ஒரு பக்கம் "இது பிசாசின் உபதேசம்", இன்னொரு பக்கம் "சபை மறைத்த ரகசியம்". ரெண்டுக்கும் நடுவுல பொறுமையாச் சொல்ல ஆள் உண்டா? ஆதிச் சபையில இதே சந்தேகம் யாருக்காவது வந்திருக்கா?

பழைய ஏடு
தம்பி, உங்க பயலுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுங்க. அவன் கேட்டது பதினெட்டு நூற்றாண்டுக்கு மேல் பழைய கேள்வி.

முதலில் அந்த வசனத்தையே பாருங்க. ஆபிரகாமில் ஆரம்பித்து "பெற்றான்" என்றே ஓடி வருகிற பட்டியல், 1:16இல் திடீரென்று வளைகிறது. யாக்கோபு "மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பைப் பெற்றான்" என்று சொல்லிவிட்டு, யோசேப்பு இன்னாரைப் பெற்றான் என்று எழுதாமல், "அவளிடத்தில்" இயேசு பிறந்தார் என்று முடிகிறது. எழுதியவருக்கு அந்த இடத்தின் சிக்கல் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

1892இல் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து இரட்டைச் சகோதரிகள் சீனாய் மலையடிவார மடத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு தோல் ஏடு. மேலே பெண் புனிதர்களின் சரித்திரம். அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட பழைய எழுத்தில், சீரியாக் மொழிச் சுவிசேஷங்கள். அதில் இந்த வசனம், "மரியாள் என்னும் கன்னிகை நியமிக்கப்பட்டிருந்த யோசேப்பு, இயேசுவைப் பெற்றான்" என்ற பொருளில் இருக்கிறது. உடனே குதிக்க வேண்டாம். அதே ஏட்டில் இரண்டு வசனம் தள்ளி, பரிசுத்த ஆவியினாலே கர்ப்பவதியான கதையும் இருக்கிறது. ஆகவே எழுதியவர் கன்னிப் பிறப்பை மறுத்தார் என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்த வசனத்தில் ஆளாளுக்குக் கை நடுங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

கை நடுங்காமல் "யோசேப்பின் மகன்தான்" என்று சொன்னவர்களும் உண்டு. எபியோனியர். எபிரெயத்தில் 'ஏழைகள்' என்று பொருள். யூதராகவே இருந்து, விருத்தசேதனமும் ஓய்வுநாளும் கைக்கொண்டு, இயேசுவை மேசியா என்று ஏற்றவர்கள். பவுல் நியாயப்பிரமாணத்தை விட்டு விலகியவர் என்று அவரை ஒதுக்கிவிட்டார்கள். இந்தப் பெயரோடு அவர்களை முதலில் குறிப்பிடுவது லியோன் நகரக் கண்காணி (பிஷப்) இரேனியு, சுமார் 180இல். அடுத்த நூற்றாண்டில் ஓரிகேன் என்ற கிறிஸ்தவ அறிஞர், எபியோனியரில் இரண்டு வகை உண்டு, ஒரு சாரார் கன்னிப் பிறப்பை ஏற்கிறார்கள், ஒரு சாரார் ஏற்பதில்லை என்கிறார். அவர்கள் வீட்டுக்குள்ளேயே சண்டை!

இன்னொன்றையும் மனசில் வையுங்க. இவர்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் எதிராளிகள் எழுதியதுதான். மாமியார் வாயால் மருமகள் கதையைக் கேட்கிற மாதிரி.

கரிசல்காட்டான்
மாமியார் மருமகள் எல்லாம் சரி. பந்தேரா மேட்டரை ஏன் விட்டுட்டீங்க? ரோமச் சிப்பாய். ஜெர்மனியில கல்லறையே கிடைச்சிருக்கு. கேஸ் முடிஞ்சது.

பழைய ஏடு
விடவில்லை ஐயா, மெதுவாக வரலாம் என்றிருந்தேன்.

கெல்சு என்ற கிரேக்க அறிஞர், சுமார் 178இல், கிறிஸ்தவர்களுக்கு எதிராக எழுதினார். அதில் ஒரு யூதர் பேசுவதாக வைத்து, பந்தேரா என்ற போர்வீரனின் பிள்ளை இயேசு என்ற பேச்சைப் பதிகிறார். கெல்சுவின் நூல் கிடைக்கவில்லை. எழுபது வருஷம் கழித்து ஓரிகேன் மறுப்பு எழுதும்போது வரிக்கு வரி எடுத்துக் காட்டியதால்தான் நமக்கு வந்தது.

கல்லறை விஷயம்: 1859இல் பிங்கர்பிரூக் என்ற ஊரில் கிடைத்தது உண்மை. திபேரியு யூலியு அப்தேஸ் பந்தேரா, சீதோன் ஊர்க்காரர், வில்லாளி. ஆனால் பந்தேரா அந்தக் காலத்தில் புழக்கத்தில் இருந்த பெயர். மதுரைப் பக்கம் ஒரு பழைய நடுகல்லில் 'பாண்டி' என்று பெயர் இருந்தால், ஊரில் சொல்லும் கதையில் வருகிற பாண்டி அவன்தான் என்று முடிவு கட்டுவீர்களா? 'பார்த்தெனோஸ்' என்றால் கிரேக்கத்தில் கன்னி. அந்தச் சொல்லைக் கேலியாகத் திரித்த பெயர்தான் 'பந்தேரா' என்று ஒரு கருத்தும் உண்டு.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. கெல்சு காலத்திலேயே கன்னிப் பிறப்புக் கதை வெளியாட்கள் கேலி செய்யும் அளவுக்குப் பரவியிருக்கிறது.

கரிசல்காட்டான்
பாண்டி உதாரணம் எனக்குச் சுட்டுது, எங்க தாத்தா பேரே அதுதான். சரி, கல்லறையை வாபஸ் வாங்கிக்கிறேன். ஏசாயா 7:14, அந்த 'கன்னிகை கர்ப்பவதியாகி' வசனம்? மூல எபிரெயத்துல 'கன்னி'யே இல்லையாமே?

பழைய ஏடு
எபிரெயத்தில் 'அல்மா', இளம்பெண். கிரேக்க மொழிபெயர்ப்பில் 'பார்த்தெனோஸ்'. மத்தேயு கிரேக்கத்தை எடுத்தார், நம் தமிழ் வேதத்தில் "ஒரு கன்னிகை" என்று வந்தது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது நவீன நாத்திகர் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், திரிபோ என்ற யூதரோடு உரையாடுவதாக எழுதிய நூலில் திரிபோவே இதைத்தான் சொல்கிறார்.

அதே நூலில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. "இயேசுதான் கிறிஸ்து, ஆனால் மனுஷனுக்குப் பிறந்த மனுஷன்" என்று சொல்லும் சிலர் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை என்கிறார் ஜஸ்டின். அவ்வளவுதான். சாபம் இல்லை, நரகம் இல்லை. முப்பது வருஷம் கழித்து இரேனியு கையில் அதே கருத்து கள்ளப் போதகப் பட்டியலில் ஏறிவிட்டது. கருத்து மாறவில்லை தம்பி, சுற்றி வேலிதான் எழும்பியது.

நெய்தல் மேரி
நான் கத்தோலிக்கப் பெண். கேட்க ஒரு மாதிரியாத்தான் இருக்கு, ஆனா அண்ணாச்சி மரியாதையா எழுதுறதால வாசிச்சேன். ஒரு கேள்வி. எங்க கோயில்ல ஜூலை 26 அன்னம்மாள், சுவக்கின் திருநாள். மாதாவோட அப்பா அம்மா. வேப்பமர நிழல் தம்பி, உங்க பைபிள்ல இவங்க பேர் கிடையாதுல்ல? எங்க பைபிள்லயும் கிடையாது! ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் எனக்கே தெரியும். அப்ப எங்கேருந்து வந்துச்சு?

பழைய ஏடு
அக்கா, அருமையான இடத்துக்குக் கொண்டுவந்தீங்க. யாக்கோபின் முதல் நற்செய்தி என்று இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்று. விவிலியத்தில் சேர்க்கப்படவில்லை, ஆனால் வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. அன்னம்மாள், சுவக்கின் வருவது அதிலிருந்துதான். சூசையப்பர், அதாவது யோசேப்பு, ஏற்கெனவே பிள்ளைகள் உள்ள வயசான தாரமிழந்தவர் என்பதும் அதில்தான். இயேசுவின் "சகோதரர்" யார் என்ற கேள்விக்கு அது சொன்ன பதில் அது. பிற்பாடு 383 வாக்கில் ஜெரோம் என்ற சபை அறிஞர், ஹெல்விதியு என்பவருக்கு மறுப்பு எழுதியபோது, "முந்தைய தாரத்துப் பிள்ளைகளும் இல்லை, அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்" என்று மாற்றினார்.

அந்த நூலில் ஒரு காட்சி. மரியாவைக் குகையில் விட்டுவிட்டு, மருத்துவச்சியைத் தேடிச் சூசையப்பர் நடக்கிறார். நடக்கிறார், ஆனால் நடக்கவில்லை. வானத்துப் பறவைகள் அப்படியே நிற்கின்றன. வேலைக்காரர்கள் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், கை சட்டிக்குள்ளேயே இருக்கிறது, மென்றவன் மெல்லவில்லை, வாய்க்குக் கொண்டுபோனவன் கை வாய்க்குப் போகவில்லை. மேய்ப்பன் ஓங்கிய கோல் ஓங்கியபடி. ஆட்டுக்குட்டிகளின் வாய் ஆற்றுத் தண்ணீரில், ஆனால் குடிக்கவில்லை. பிறகு சட்டென்று எல்லாம் ஓட ஆரம்பிக்கிறது. பிறப்பை நேராகக் காட்டாமல், உலகம் மூச்சை இழுத்துப் பிடித்ததைக் காட்டிவிட்டார். நான் வாசித்ததில் இதற்கு இணை இல்லை.

அடுத்த பக்கத்திலேயே சலோமி என்ற பெண் நம்பாமல், பேறு கழிந்த மரியாவை விரல் வைத்துச் சோதிக்கிறாள், கை வெந்து போகிறது. அதைப் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் யாரோ "நிரூபி" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் இப்படி ஒரு காட்சி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேப்பமர நிழல்
அண்ணாச்சி, அந்தச் சட்டியில கை நின்ன இடத்தை வீட்டுக்காரிக்கு வாசிச்சுக் காட்டினேன். அடுப்பை அணைச்சுட்டு வந்து கேட்டா.

இன்னொரு சந்தேகம். 1 யோவான் 4இல "மாம்சத்தில் வந்த இயேசுகிறிஸ்துவை அறிக்கைபண்ணாத" ஆவின்னு வருதே. மாம்சத்துல வரலன்னு யார் சொன்னா? மனுஷன் இல்லன்னு சொல்ற ஆளும் உண்டா?

பழைய ஏடு
உண்டாவா! நம்மவர்கள் பொதுவாக நினைப்பது, ஆதியில் சண்டை "அவர் கடவுளா இல்லையா" என்று. அது பாதிதான். சண்டையின் சூடான பாதி, "அவருக்கு நம்மைப் போல உடம்பு இருந்ததா" என்பது. கடவுள் என்று ஒப்புக்கொண்டவர்களில் பலருக்கு உடம்புதான் தொண்டையில் சிக்கியது. கருப்பை, இரத்தம், மலஜலம், இதெல்லாம் கடவுளுக்கா? அப்படி முகம் சுளித்து, உடம்பு வெறும் தோற்றம் என்று சொன்னவர்களுக்கு தோசெத்தியர் என்று பெயர். கிரேக்கத்தில் 'தோக்கெயின்' என்றால் தோன்றுதல்.

அந்தியோகியாக் கண்காணி இக்னாசியு, இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மிருகங்களுக்கு இரையாக ரோமாபுரிக்கு விலங்கிட்டு இழுத்துப் போகப்படுகிறார். வழியில் எழுதிய கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே சொல்: மெய்யாகவே பிறந்தார், மெய்யாகவே புசித்தார், மெய்யாகவே சிலுவையில் அறையப்பட்டார். அவர் பட்டது வெறும் தோற்றம் என்றால் நான் எதற்கு விலங்கோடு போகிறேன் என்று கேட்கிறார். நீங்கள் ஞாயிறுதோறும் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் "கன்னிமரியாளிடத்தில் பிறந்தார், பாடுபட்டார், மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார்" என்று அடுக்குகிறார்களே, அந்த அடுக்கில் இந்தச் சண்டையின் சத்தம் எனக்குக் கேட்கிறது. கன்னி என்பதை நாம் அழுத்திச் சொல்கிறோம். அன்றைக்குப் "பிறந்தார்" என்பதும் அதே அழுத்தத்தோடுதான் ஒலித்திருக்கும்.

மறுபக்கம் மார்சியோன். கருங்கடல் கரைச் சினோப்பே ஊர், கப்பல் வியாபாரி. ரோமச் சபைக்கு 2,00,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) காணிக்கை கொடுத்தார். 144இல் உபதேசம் பிடிக்காமல் சபை அவரை வெளியேற்றியது, பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. (காணிக்கையைத் திருப்பிக் கொடுத்த சபை! இந்த ஒரு காரணத்துக்காகவே நான் அந்தக் காலத்தை மதிக்கிறேன்.) அவர் வைத்திருந்த சுவிசேஷம் லூக்காவின் குட்டை வடிவம். பிறப்பே கிடையாது. திபேரியு ராயனின் பதினைந்தாம் வருஷத்தில் இயேசு நேராகக் கப்பர்நகூமுக்கு இறங்கி வருகிறார். வளர்ந்த ஆளாகவே.

வாலந்தீனு என்ற இரண்டாம் நூற்றாண்டுப் போதகரின் வழிவந்தவர்கள் இன்னும் நாசூக்கு. குழாய் வழியாகத் தண்ணீர் போகிற மாதிரி மரியாளின் வழியாகக் கடந்து வந்தார், அவளிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றார்கள். வாலந்தீனுவே ஒரு கடிதத்தில், இயேசு சாப்பிட்டார், குடித்தார், ஆனால் கழிக்கவில்லை, உணவு அவருக்குள் கெட்டுப்போகவில்லை என்று எழுதியிருக்கிறார். சிரிக்கலாம். ஆனால் அதைப் பதிந்து வைத்த அலெக்சாந்திரியா கிளமெந்து, சபை ஏற்றுக்கொண்ட பெரியவர், அவரே வேறோரிடத்தில், இயேசுவின் உடம்புக்குச் சாப்பாடு தேவையே இல்லை, கூட இருப்பவர்கள் தப்பாக நினைக்கக் கூடாதே என்றுதான் சாப்பிட்டார் என்கிறார்.

இந்த அருவருப்பை நேருக்கு நேர் பிடித்து உலுக்கியவர் கார்த்தேஜ் ஊர் தெர்த்துல்லியன். மார்சியோனைப் பார்த்து, நீ பேறுகாலத்தைக் கண்டு முகம் சுளிக்கிறாயே, நீ எப்படிப் பிறந்தாய் என்கிற தோரணையில் கேட்கிறார். மனுஷனை நேசித்தால் அவன் பிறந்து வந்த வழியையும் நேசிக்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. வேடிக்கை என்னவென்றால், அவர் அந்த வேகத்தில், மரியாள் கருத்தரித்தபோது கன்னி, பெற்றபோது மற்றப் பெண்களைப் போலவே பெற்றாள் என்றும் எழுதிவிட்டார். பின்னாளில் வைத்துப் பார்த்தால் அதுவும் தவறான உபதேசம். நெய்தல் மேரி அக்கா மன்னிக்கவும்.

நெய்தல் மேரி
மன்னிக்க என்ன இருக்கு. மூணு பெத்தவ நான். "பிறந்தார்"னு சொன்னா என்னன்னு எனக்குத் தெரியும். அந்த தெர்த்துல்லியன் மேல எனக்குக் கோபமே வரல.

காயல்வாசி
நண்பர்களே, எங்கள் பக்கத்தையும் சொல்லலாமா? குர்ஆனில் மர்யம் என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது, 19வது. ஈஸா நபி தந்தையின்றிப் பிறந்தார் என்பதில் எங்களுக்கும் ஐயமில்லை. ஆனால் இறைவனின் மகன் இல்லை, இறைத்தூதர். அந்த அத்தியாயத்தில் பிரசவ வலி மர்யமை ஒரு பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு வருகிறது. "இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா" என்று சொல்கிறார்கள். தோற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை, வலி இருக்கிறது. ஆனால் சிலுவை விஷயத்தில், 4:157இல், அவர்கள் அவரைச் சிலுவையில் அறையவில்லை, அவர்களுக்கு அப்படித் தோன்றியது என்று வருகிறது. மேலே சொன்ன தோசெத்தியரோடு இதற்குத் தொடர்பு உண்டா?

மட்டுறுத்துநர்
காயல்வாசிக்கு வந்த இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். பாய் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். பதில் தெரிந்தவர்கள் மட்டும் பேசவும்.

பழைய ஏடு
பாய், நேர்க்கோடு போட எனக்குத் துணிச்சல் இல்லை. இரேனியு சொல்வதன்படி, அலெக்சாந்திரியா பசிலீது என்பவர், சிலுவையைச் சுமந்த சிரேனே ஊர் சீமோன்தான் இயேசுவின் உருவில் சிலுவையில் அறையப்பட்டான், இயேசு சீமோன் உருவில் நின்று சிரித்தார் என்று போதித்தாராம். 1945இல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே ஒரு ஜாடிக்குள் கிடைத்த ஏடுகளிலும் அந்தச் சிரிக்கும் இயேசு வருகிறார். ஆனால் உங்கள் வேதம் உடம்பை மறுக்கவில்லை, நீங்களே சொன்னபடி வலி இருக்கிறது. அதனால் இரண்டும் ஒன்றல்ல. நெருக்கம் தெரிகிற இடம் வேறொன்று: களிமண்ணில் பறவை செய்து ஊதினால் பறப்பது. அது குர்ஆனிலும் இருக்கிறது, தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தி என்ற பழைய நூலிலும் இருக்கிறது, அங்கே ஐந்து வயசு, பன்னிரண்டு சிட்டுக்குருவி.

நாக் ஹம்மாதி என்றதும் ஒன்று. அங்கே கிடைத்த பிலிப்பின் நற்செய்தி, மரியாள் பரிசுத்த ஆவியால் கருவுற்றாள் என்பவர்கள் தவறு செய்கிறார்கள், பெண்ணால் பெண் எப்போது கருவுற்றாள் என்று கேட்கிறது. எபிரெயத்திலும் சீரியாக்கிலும் 'ஆவி' பெண்பால் சொல். தமிழில் ஆவியை அஃறிணையாகப் போட்டு நாம் தப்பித்தோம்.

செமினரி மாணவன்
ஐயா, வணக்கம். ஒரு எதிர்ப்பு. இப்படி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லும்போது, முதலில் எல்லோரும் இயேசுவைச் சாதாரண மனுஷன் என்று நம்பினார்கள், பிறகு படிப்படியாகக் கடவுளாக்கினார்கள் என்ற எண்ணம் வாசிப்பவருக்கு வரும். வகுப்பிலும் இப்படி ஒரு ஏணி வரைந்து காட்டுவார்கள். ரோமர் 1:4இல் உயிர்த்தெழுதலில் தேவகுமாரன், மாற்குவில் ஞானஸ்நானத்தில், மத்தேயு லூக்காவில் பிறப்பில், யோவானில் ஆதியிலே. ஆனால் பிலிப்பியர் 2? "தேவனுடைய ரூபமாயிருந்தும்" தம்மை வெறுமையாக்கினார் என்பது பவுல் எழுதியது, மாற்குவுக்கு முந்தியது. ஏணியின் உச்சிப் படி முதலிலேயே இருக்கிறதே?

பழைய ஏடு
சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன். ஏணி என்று நான் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமலே வரைந்துவிட்டேன் போலிருக்கிறது. ஒரே தலைமுறையில், ஒரே கையெழுத்தில்கூட, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. பவுல் கலாத்தியரில் "ஸ்திரீயினிடத்திற் பிறந்தவர்" என்கிறார், கன்னி என்று சொல்லவில்லை. பிலிப்பியரில் ஆதியிலிருந்தே இருந்தவர். கன்னிப் பிறப்பு இல்லாமலே அவருக்குத் தெய்வத்தன்மை சொல்ல முடிந்திருக்கிறது. தலைகீழாகவும் உண்டு: 190 வாக்கில் ரோமாபுரிக்கு வந்த பைசாந்தியம் தெயதோத்து, தோல் தொழிலாளி, கன்னியிடம் பிறந்தார் என்று ஏற்றுக்கொண்டே, ஆனாலும் வெறும் மனுஷன் என்றார். ரோமக் கண்காணி விக்டர் அவரைச் சபைநீக்கம் செய்தார். கன்னிப் பிறப்பும் தெய்வத்தன்மையும் ஒரே கயிற்றில் கட்டியவை என்று நாம் நினைக்கிறோம், அவர்கள் நினைக்கவில்லை.

ஞானஸ்நானப் படி மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. லூக்கா 3:22இல் வானத்துச் சத்தம் நம் வேதத்தில் "நேசகுமாரன்". கேம்பிரிட்ஜில் இருக்கிற பேசா ஏடு என்ற பழைய சுவிசேஷக் கையெழுத்துப் பிரதியில் இரண்டாம் சங்கீத வசனம் அப்படியே: "நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்." *இன்று*. ஜஸ்டினும் அப்படித்தான் மேற்கோள் காட்டுகிறார். எபியோனியர் சுவிசேஷத்திலும் அது உண்டு.

அந்தச் சுவிசேஷத்தின் துண்டுகளைக் காப்பாற்றியவர் நாலாம் நூற்றாண்டுச் சைப்பிரஸ் கண்காணி எப்பிபானியு. எண்பது கள்ளப் போதகங்களுக்கும் மருந்துப்பெட்டி என்று ஒரு பெரிய நூல் எழுதினார், விஷத்தைக் காட்ட எடுத்து வைத்தது இன்றைக்கு நமக்கு ஆதாரமாயிற்று. அவர் ஆத்திரப்படும் ஒரு இடம்: யோவான் ஸ்நானகன் வெட்டுக்கிளியும் தேனும் அல்லவா சாப்பிட்டார்? அவர்கள் மாற்றிவிட்டார்கள்! கிரேக்கத்தில் 'அக்ரிஸ்' வெட்டுக்கிளி, 'என்க்ரிஸ்' எண்ணெயில் சுட்ட பணியாரம். ஒரு எழுத்து கூடி, ஒரு உயிர் பிழைத்தது. அதே சுவிசேஷத்தில் இயேசு, பஸ்காவில் மாம்சம் புசிக்க நான் விரும்புவேனா என்றும் கேட்கிறார். சுத்த சைவம்.

கரிசல்காட்டான்
பணியாரம் சாப்பிட்ட யோவானை நான் ஏத்துக்கிறேன்.

நெய்தல் மேரி
நெஸ்தோரியு பத்திச் சொல்லலையே. பரங்கிமலைக் கோயில்ல பாரசீக எழுத்து பொறிச்ச கல் சிலுவை பார்த்திருக்கேன். அது நெஸ்தோரியர் சிலுவைன்னு ஒருத்தர் சொன்னார்.

பழைய ஏடு
1547இல் போர்ச்சுகீசியர் அங்கே தோண்டும்போது கிடைத்தது, எழுத்து பகலவி. பாரசீகத்துக் கீழைச் சபையோடு நம் கடற்கரைக்கு இருந்த தொடர்பின் அடையாளம். அந்தச் சபையார் 'நெஸ்தோரியர்' என்ற பெயரை விரும்புவதில்லை, அது மற்றவர் வைத்தது. கான்ஸ்தாந்திநோபிள் கண்காணியாக இருந்த நெஸ்தோரியு சொன்னது, மரியாளைக் "கடவுளைப் பெற்றவள்" என்பதைவிடக் "கிறிஸ்துவைப் பெற்றவள்" என்பது பொருந்தும் என்று. 431இல் எபேசு சங்கம் அவரை நீக்கியது. 1599இல் கேரளத்து உதயம்பேரூரில் போர்ச்சுகீசியப் பேராயர் கூட்டிய சங்கத்தில், அந்த எபேசுத் தீர்ப்பை வைத்தே மலையாளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் சீரியாக் நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் செய்தார்கள். ஒரு சொல் வித்தியாசம், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் பயணம் செய்து இங்கே நெருப்பாக வந்தது.

நெய்தல் மேரி
எங்க பாட்டி ஜெபமாலை சொல்லும்போது "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே"ம்பாங்க. அப்ப அந்தச் சண்டையில ஜெயிச்ச பக்கத்து வரியைத்தான் பாட்டி தினம் அம்பத்துமூணு தடவை சொல்லிருக்காங்க.

வேப்பமர நிழல்
இன்னைக்கு வகுப்பு முடிஞ்சு வர்றேன். பயல்கிட்டச் சொன்னேன்: "டேய், நீ கேட்டதை உனக்கு முன்னாடி நெறைய பேர் கேட்டிருக்காங்க. சிலர் யோசேப்போட மகன்தான்னாங்க. நம்ம சபை அப்படிச் சொல்லல, நானும் சொல்லல. ஆனா கேட்டது தப்பில்ல." சீனாய் மலை ஏடு, இரட்டைச் சகோதரிகள் எல்லாம் சொன்னேன். கொட்டாவி ஒண்ணுகூட இல்ல.

எல்லாம் கேட்டுட்டுப் பைபிளைப் புரட்டி வச்சுக்கிட்டு மறுபடியும் கையத் தூக்குறான். "சார், மத்தேயுல யோசேப்போட அப்பா யாக்கோபு. லூக்காவுல ஏலின்னு போட்டிருக்கு. எது சார் சரி?"

அண்ணாச்சி, இருக்கீங்களா?

பழைய ஏடு
இருக்கேன். மூன்றாம் நூற்றாண்டில் யூலியு ஆப்பிரிக்கானு இதற்கு ஒரு பதில் எழுதினார்: யாக்கோபும் ஏலியும் ஒரு தாய்ப் பிள்ளைகள், ஏலி பிள்ளையில்லாமல் செத்தான், அவன் மனைவியை யாக்கோபு சேர்த்துக்கொண்டு யோசேப்பைப் பெற்றான், ஆகவே இரத்தத்தில் யாக்கோபு, சட்டத்தில் ஏலி. ஆறாம் வகுப்பில் இதை எப்படிச் சொல்வீர்களோ, எனக்குத் தெரியாது. ரெண்டாவது மிட்டாயையும் வாங்கிவிட்டுத் தனி இழை திறங்க.